காசு கணையாழியான வரலாறு

எங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் ஒரு வெள்ளி மோதிரம் இருக்கிறது. என் பாட்டியார் அணிந்திருந்தது. கடையில் வாங்கியதன்று, பாட்டனார் எட்டணா நாணயம் ஒன்றைத் திண்ணையில் அமர்ந்து தட்டித் தட்டித் தம் கையாலேயே மோதிரமாக்கினார் என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புறத்தே பார்ப்பவர்க்கு அது வெறும் வெள்ளி வளையம். உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தேய்ந்த ஆங்கில எழுத்துகள் புலப்படும். ஒரு பக்கம் ‘விக்டோரியா’. மறு பக்கம் ‘எம்பிரஸ்’. அவற்றை ஒட்டிப் பூங்கொடி வேலைப்பாட்டின் சில துணுக்குகள். நடுவில் இருந்த அரசியின் முகமும், நாணயத்தின் மதிப்பும், அது வெளிவந்த ஆண்டும் துளையோடு போய்விட்டன.

இச்சிறு வளையத்திலிருந்து என்ன வரலாறு கிடைக்கும் என்று கேட்கலாம். கிடைக்கிறது. விக்டோரியா அரசியார் ‘இந்தியப் பேரரசி’ எனும் பட்டத்தை மேற்கொண்டது 1877ஆம் ஆண்டு. எனவே ‘எம்பிரஸ்’ என்று பொறித்த நாணயம் அதற்கு முற்பட்டதன்று. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த அந்த நாணயச்சாலையோ 1869லேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே என் பாட்டியாரின் மோதிரம் நாணயமாகப் பிறந்த இடம் பம்பாயாக இருத்தல் வேண்டும். அன்றேல் நாம் குடியேறி வாழும் இக்கல்கத்தாவாக இருத்தல் வேண்டும். ஹூக்ளிக் கரையில் பிறந்து, தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் மோதிரமாகி, மீண்டும் ஹூக்ளிக் கரைக்கே வந்து சேர்ந்திருக்கவும் கூடும். இவ்வெண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

ஒரே கூரையின் கீழ்

காசும் அணிகலனும் வெவ்வேறு என்று நாம் இன்று எண்ணுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. ‘அக்கசாலை’ என்ற பழந்தமிழ்ச் சொல் காசு அடிக்கும் இடத்தையும் குறிக்கும். பொன்னணி செய்யும் பட்டறையையும் குறிக்கும். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கைக்கு அருகில் அக்கசாலை என்ற பெயருடைய ஊர் இன்றும் உள்ளது. உலையும் சுத்தியலும் இரண்டு தொழிலுக்கும் பொதுவாக இருந்ததுபோலச் சொல்லும் பொதுவாக இருந்தது.

மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக ரோமாபுரியின் பொற்காசுகள் தமிழகத்திற்கு வந்து குவிந்தன. 1898ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் மட்டும் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் மன்னன் தலையின் மீது உளியால் வெட்டிய கீறல் காணப்பட்டது. தென்னாட்டில் வேறு இடங்களில் கிடைத்த ரோமானியக் காசுகள் பலவற்றில் துளைகள் உள்ளன. அவை மாலையில் கோத்து அணியப்பட்டவை. ரோமாபுரி அரசனின் ஆணை இந்நாட்டில் செல்லாது. அவனுடைய பொன் செல்லும். பொன் செல்லும் எனில், அது கடையிலும் இருக்கலாம், கழுத்திலும் இருக்கலாம் என்பது அன்றைய வழக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள், இறைவனுக்கு அளித்த அணிகளை ஒவ்வொன்றாக எண்ணி, கழஞ்சு, மஞ்சாடி என எடை கூறி, காசுக் கணக்கில் விலையும் குறிக்கின்றன. அவ்வணிகளுள் மோதிரங்களும் உண்டு. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்றும், அணிகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்றும் எடைக்கற்களுக்குப் பெயர் வைத்திருந்தனர். நிறைகல் பிழையாதிருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை அத்தகையது.

ஹூக்ளிக் கரையின் அக்கசாலை

இனி நம் நகருக்கு வருவோம். 1757ஆம் ஆண்டு பிப்ரவரியில் நவாபு சிராஜ் உத்தௌலாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கல்கத்தாவில் நாணயம் அடிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெற்றனர். பின்னர் ஸ்டிராண்டு சாலையில் பெரியதொரு நாணயச்சாலை கட்டத் தொடங்கி, 1829ஆம் ஆண்டில் அதைத் திறந்தனர். ஏதென்சு நகரத்துக் கோயில் ஒன்றின் சாயலில் பெருந்தூண்கள் நிறுத்திய அக்கட்டடத்தை ஆற்றங்கரைப் பக்கம் செல்லும் அன்பர்கள் இன்றும் காணலாம்.

அச்சாலையில் உலோகத்தின் மாற்றை ஆய்ந்தறியும் தலைமை அலுவலராக 1832 முதல் பணியாற்றியவர் ஜேம்சு பிரின்செப். பிராமி எழுத்தின் மறையை 1837இல் விடுவித்து, அசோகரின் கல்வெட்டுகளை உலகம் படிக்கச் செய்தவர் அவரே. பழங்காசுகளின் எழுத்துகளை ஆராய்ந்த பழக்கமே அவரை அப்பணிக்கு ஆயத்தம் செய்தது. காசை உருக்கும் சாலையில் இருந்துகொண்டே காசைப் படிக்கவும் கற்றவர் அவர்.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வழங்கலாயிற்று. அதன் எடை 180 ‘கிரெயின்’. அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பது கணக்கு. இந்த 180 கிரெயினே ஒரு தோலா. இன்றைய அளவில் 11.66 கிராம். ஆகவே ரூபாய் என்பது செலாவணி மட்டுமன்று, அதுவே எடைக்கல்லுமாயிற்று. நம் ஊர்களில் வெள்ளிக் குடத்தை ‘நூறு ரூபாய் எடை’ என்று சொன்னதும், நாட்டு மருத்துவர் சரக்குகளை ‘ஒரு ரூபாய் எடை’ என்று நிறுத்ததும் இதனால்தான். வங்காள அன்பர்கள் ‘பரி’ என்று சொல்லிப் பொன் வாங்குகின்றனரே, அதுவும் இதே எடைதான். பௌபஜார் நகைக்கடைகளில் இன்றும் அச்சொல்லைக் கேட்கலாம்.

வீட்டில் மோதிரம் செய்த முறை

எடையும் மாற்றும் ஐயமின்றித் தெரிந்த வெள்ளி வீட்டிலேயே இருக்கும்போது, ஏழை எளியவர் வெள்ளிக்காக வேறெங்கும் போக வேண்டியதில்லை. ரூபாயைக் கொடுத்து, “இதையே உருக்கி மெட்டி செய்து கொடும்” என்று ஆசாரியிடம் சொல்வர். வெள்ளியில் கலப்படம் இருக்குமோ என்ற அச்சம் இல்லை. கூலி மட்டுமே செலவு. அக்கூலிக்கும் வழியில்லாதவர், அல்லது கைத்திறத்தில் ஆசையுள்ளவர், தாமே முயன்றனர்.

முழு ரூபாய் மோதிரத்திற்குக் கனமானது. அரை ரூபாயே ஏற்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். எடை அரைத் தோலா. நாணயத்தை இரும்பின் மீது செங்குத்தாக நிறுத்தி, இரு விரலால் பிடித்து, கரண்டியின் முதுகாலோ சிறு சுத்தியலாலோ விளிம்பில் மெல்லத் தட்டுவர். ஒரு தட்டு, ஒரு சிறு திருப்பம். மீண்டும் ஒரு தட்டு. வேகம் கூடாது. பல மணி நேரம் இவ்வாறு செய்தால் விளிம்பு இருபுறமும் பரந்து தடித்து, நாணயத்தின் சுற்றளவு சுருங்கும். ஓரத்து எழுத்துகள் அழியாமல் உட்பக்கமாக மடிந்துகொள்ளும். விரும்பிய அளவு வந்ததும் நடுவைத் துளைத்து, உருண்டை அரத்தால் உள்வட்டத்தைச் சீராக்குவர்.

தட்டத் தட்ட வெள்ளி விறைத்துக்கொள்ளும். விறைத்தபின் தட்டினால் வெடிக்கும். அதனால் இடையிடையே குமுட்டி அடுப்பின் கரித்தணலில் வைத்து, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி, நீரில் தோய்த்து எடுப்பர். வெள்ளி மீண்டும் இளகிவிடும். மேலே படிந்த கருமையைப் புளிக்கரைசல் போக்கும். பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

வேறொரு முறையும் உண்டு. முதலிலேயே நடுவைத் துளைத்துவிட்டு, நுனி சிறுத்த இரும்புக் கோலில் நாணயத்தைச் செருகி, மேலிருந்து தட்டித் தட்டிக் கீழே மடக்குவது. இதில் எழுத்துகள் மோதிரத்தின் புறத்தே நிற்கும். முதல் முறையைக் கரண்டியும் பொறுமையும் உள்ள எவரும் செய்யலாம். உலகப் போர்க் காலங்களில் மேனாட்டுப் போர்வீரரும் கப்பலோட்டிகளும் ஓய்வு நேரத்தில் தங்கள் நாட்டு வெள்ளிக் காசுகளை இவ்வாறே மோதிரமாக்கி, ஊரில் இருந்த மனைவியர்க்கும் காதலியர்க்கும் அனுப்பினர். பிரிந்திருப்போர் செய்யும் வேலை அது. பிழைப்புக்காக ஊர் கடந்து வந்த நமக்கு அதன் பொருள் விளங்காமற் போகாது.

ஒரு சட்டம் விரலைத் தொட்ட கதை

1893ஆம் ஆண்டு வரையில் ஒருவர் வெள்ளியை எடுத்துச் சென்று நாணயச்சாலையில் கொடுத்தால், நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு கூலியாகக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை ரூபாயாக அடித்துக் கொடுப்பர். ரூபாய் உருகினால் நகை. நகை உருகினால் ரூபாய். இரண்டிற்கும் இடையே மெல்லிய கோடுதான் இருந்தது. அதனால்தான் ஏழையின் வெள்ளிக் காப்பு அவனுடைய சேமிப்பு வங்கியாக விளங்கியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லும் 1876-78 பெரும்பஞ்சத்தில், குடியானவரின் வெள்ளி நகைகள் பெருமளவில் பம்பாய் நாணயச்சாலைக்கு வந்து ரூபாயாக உருமாறின. கையிலும் காலிலும் கிடந்தவை ஒரு கால வயிற்றுக்கு உணவாயின.

உலகச் சந்தையில் வெள்ளியின் விலை இறங்கிக்கொண்டே வந்ததால், அரசாங்கம் 1893 ஜூன் மாதம் அக்கதவை மூடியது. அன்று முதல் பொதுமக்களின் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதில்லை. ரூபாயின் மதிப்பை ஆணையால் உயர்த்தி நிறுத்தினர். அதனுள் இருந்த வெள்ளியின் விலையோ ரூபாய்க்குக் கீழே நின்றது. அலுவலகக் கணக்கில் இது ஒரு செலாவணிச் சீர்திருத்தம். குடும்பக் கணக்கிலோ, அன்றுவரை காசாகவும் இருந்த மெட்டியும் காப்பும் அன்று முதல் வெறும் வெள்ளியாயின. ஒரு ரூபாயைத் தட்டி மோதிரமாக்கினால் ஒரு ரூபாய் மதிப்புள்ள மோதிரம் கிடைத்த காலம் அத்துடன் முடிந்தது.

தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள்; சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். உள்ளேயுள்ள உலோகமும் மேலேயுள்ள முத்திரையும் ஒரே மதிப்பைச் சொன்னவரையில் அவ்விரு பொருளும் ஒன்றாயிருந்தன. 1893க்குப் பின் அவை பிரிந்தன. அதன் பிறகு காசை நம்புவது என்பது உலோகத்தை நம்புவதன்று, அரசை நம்புவது.

முதல் உலகப் போரில் நிலைமை தலைகீழாயிற்று. வெள்ளியின் விலை ஏறியது. ரூபாயை உருக்குவதில் ஆதாயம் உண்டு என்ற நிலை நெருங்கியதும், 1917 ஜூன் 29 முதல் பொன், வெள்ளி நாணயங்களைச் செலாவணியன்றி வேறு எதற்கும் பயன்படுத்துதல் குற்றமாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு ரூபாய்த் தாள் வந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்கா 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்கு விற்று உதவ வேண்டியதாயிற்று. பாட்டனாரைப் போன்றோர் திண்ணையில் செய்த வேலை, போர்க்காலத்தில் சட்டத்தின் கண்ணில் குற்றமாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில், 1940ஆம் ஆண்டில், ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மற்ற பாதியில் 40 பங்கு செம்பு. நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கு. அதில் செய்த மோதிரம் விரைவில் மங்கிவிடும். பழைய முழு வெள்ளி ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாதவையாக்கித் திரும்பப் பெறப்பட்டன. விடுதலைக்குச் சற்று முன்னர் வந்த ரூபாயோ முழுக்க நிக்கல். அது குமுட்டித் தணலுக்கு எளிதில் இளகாது; சிலருடைய தோலுக்கும் ஒவ்வாது. வெள்ளி ரூபாயைத் தட்டி மோதிரம் செய்யும் வீட்டுக்கலை அங்கே ஓய்ந்தது.

ஓட்டைக் காலணா

ஆனால் அதே போர்க்காலம், மோதிரம்போலவே பிறந்த ஒரு காசையும் நமக்குக் கொடுத்தது. அதுவே ‘ஓட்டைக் காலணா’. செம்பு தட்டுப்பட்டதால், 1943 முதல் 1947 வரை நடுவில் பெருந்துளையிட்ட வெண்கலக் காலணாக்களை அடித்தனர். அதற்கு முந்தைய காலணாவின் எடை 4.86 கிராம்; இதன் எடை ஏறத்தாழ இரண்டே கிராம். கல்கத்தா நாணயச்சாலையிலிருந்தும் இவை வெளிவந்தன.

துளையை அரத்தால் சற்று அகலப்படுத்தினால் சிறுவர் விரலுக்கு மோதிரமாயிற்று. அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினர். மரை ஆணிக்கு அடியில் ‘வாஷர்’ ஆகவும் வைத்தனர். கடையில் வாங்கும் வாஷரைவிட அது மலிவு. ‘ஓட்டைக் காலணாவுக்குப் பெறாது’ என்ற வசைமொழியும் தமிழில் நிலைத்துவிட்டது.

அக்காசு புழங்கத் தொடங்கிய 1943ஆம் ஆண்டை இந்நகரம் மறவாது. வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு அது. முப்பது லட்சம் பேர்வரை மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. நாட்டுப்புற மக்கள் அணிகலனையும் பித்தளைப் பாத்திரத்தையும் நிலத்தையும் விற்று, இறுதியில் கஞ்சி தேடிக் கல்கத்தாத் தெருக்களுக்கு வந்தனர். தாது வருடத்தில் நகை, காசாயிற்று, காசு, சோறாயிற்று. 1943லோ காசிருந்தவர்க்கும் அரிசி எட்டாத விலையாயிற்று. மோதிரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவ்வாண்டு காட்டியது.

பவுனும் கினியும்

பொன்னின் கதையும் இதை ஒத்ததே. ஆங்கிலேயரின் ‘சாவரின்’ பொற்காசு 1899ஆம் ஆண்டில் பதினைந்து ரூபாய் மதிப்பில் இந்தியாவிலும் செல்லுபடியாயிற்று. அதன் எடை 7.98 கிராம், மாற்று 22. காசு போய்விட்டது, அதன் எடை நம்மிடம் ‘பவுன்’ என்றும் ‘சவரன்’ என்றும் எட்டுக் கிராமாக நிலைத்துவிட்டது. வங்காளத்திலோ அதே 22 மாற்றுப் பொன்னைக் ‘கினி சோனா’ என்பர். தமிழர் எடைக்கும் வங்காளியர் மாற்றுக்கும் ஆங்கிலக் காசின் பெயரை எடுத்துக்கொண்டனர். நம் அம்மாமார் காசுமாலைக்குப் பொற்காசில் வளையம் பற்றவைத்ததும், அரைப்பவுனை மோதிரத்தில் பதித்ததும் இந்த மரபே.

காசுக்கும் அணிக்கும் உள்ள வேறுபாட்டை விடுதலை பெற்ற இந்தியாவின் சட்டமும் வரைந்தது. 1963 ஜனவரியில் பொன் கட்டுப்பாடு வந்தபோது, 14 மாற்றுக்கு மேற்பட்ட புது நகை செய்வது தடுக்கப்பட்டது. கட்டியாகவும் காசாகவும் இருந்த பொன்னை அறிவிக்குமாறு அரசு கேட்டது. அணிகலனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசு வெளியே தெரிய வேண்டியதாயிற்று. கழுத்தில் இருந்தது தப்பியது. அந்நாளில் பௌபஜார்ப் பொற்கொல்லரும் நம் ஊர் ஆசாரிமாரும் ஒருசேர வேலையிழந்து வாடினர். 14 மாற்று விதி 1966இல் தளர்ந்தது. கட்டுப்பாட்டுச் சட்டமே 1990இல் நீங்கியது.

இன்று நாம் செய்ய வேண்டுவது

1952 மார்ச்சு மாதத்தில் அலிப்பூரில் புதிய நாணயச்சாலை திறக்கப்பட்டது. ஸ்டிராண்டு சாலையின் சுத்தியல்கள் ஓய்ந்தன. இன்று நம் கையில் புழங்கும் காசுகளில் ஆண்டுக்குக் கீழே எவ்வடையாளமும் இல்லையெனில் அது இந்நகரில் அடித்தது. சாய்சதுரம் இருந்தால் பம்பாய். விண்மீன் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் சில்லறை எண்ணுவதே ஒரு பூகோளப் பாடமாகும்.

உலோகம் முகமதிப்பை விஞ்சினால் காசு நெருப்புக்குப் போகும் என்ற பழைய விதி இன்னும் மாறவில்லை. 2007ஆம் ஆண்டில் இந்நகரில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, நம் எஃகுக் காசுகள் எல்லை கடந்து சென்று சவர அலகுகளாகின்றன என்று செய்திகள் வெளியாயின. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஆகவே மேலே சொன்ன முறையைக் கண்டு, புழக்கத்திலுள்ள காசின் மீது எவரும் சுத்தியலை எடுக்க வேண்டா. கைத்திறம் பழக விரும்பும் இளைஞர்க்குக் கடையில் வெறும் வெள்ளி வில்லைகள் கிடைக்கும்.

எனக்கு உள்ள கவலை வேறு. நம் குடியிருப்புகளில் பாட்டிமார் விட்டுச்சென்ற விக்டோரியா ரூபாய்களும், காசு பதித்த மோதிரங்களும், கறுத்துப்போன மெட்டிகளும் வெள்ளி விலை ஏறும் போதெல்லாம் தராசுக்குப் போகின்றன. கடைக்காரர் எடையைப் பார்க்கிறார், ஆண்டைப் பார்ப்பதில்லை. விற்க வேண்டிய நிலை வந்தால் விற்பதில் பிழையில்லை. ஆபத்துக்கு உதவத்தான் அவை சேர்க்கப்பட்டன. ஆனால் விற்குமுன் ஒரு தாளில் குறித்து வைக்கலாமே! யார் அணிந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டுக் காசு, என்ன அடையாளம் என்ற நான்கு வரி போதும். ஒரு புகைப்படமும் எடுத்துவிட்டால் இன்னும் நன்று.

என் பாட்டியார் மோதிரத்தைப் பற்றி எவரும் அப்படிக் குறித்து வைக்கவில்லை. அதனால் அது கல்கத்தாக் காசா, பம்பாய்க் காசா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. பாட்டனார் துளையிட்டபோது விழுந்த வெள்ளிச் சில்லில் அந்த விடை இருந்திருக்கும். வரும் ஆண்டு விழாவில் சங்கத்து அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பழங்காசுகளையும் காசு நகைகளையும் கொணர்ந்து, ஒரு மேசையில் ஒருநாள் காட்சிக்கு வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். அருகில் ஓர் ஏடும் இருக்கட்டும். பெரியவர்கள் சொல்லச் சொல்ல நம் பிள்ளைகள் அதில் தமிழில் எழுதட்டும்.